ஏட்டில் ஏறாத புகார்

நூல் ஆலையின் டிரான்ஸ்பார்மர் வெடித்து ஒன்பது நாள் ஆயிற்று. நூல் நூற்கும் கதிர்கள் சுற்றவில்லை, ஆட்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். டிரான்ஸ்பார்மர் மின்சார ஆபீசுக்குச் சொந்தம். அதைத் தினமும் பார்த்து, கோளாறு தெரிந்தால் புகார் கொடுப்பது ஆலையின் பொறுப்பு. "எங்களுக்குப் புகாரே வரலையே" என்றது ஆபீஸ். "பொருள் உங்களோடதுதானே" என்றது ஆலை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வீட்டுக்குள் கிடந்தது யாருக்கும் தெரியாது.

ஆலையின் எலக்ட்ரீஷியன் ஒரு பெண். அந்தப் பகுதி லைன்மேன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. டிரான்ஸ்பார்மரின் பக்கவாட்டில் ஈரத்தை உறிஞ்சும் குருணை ஒரு கண்ணாடிக் குடுவையில் இருக்கும். நீலமாக இருந்தால் நல்லது. ரோஸ் நிறமாக மாறினால் உள்ளே ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். வெடிப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே அவள் அதைக் கவனித்துவிட்டாள். முறைப்படி ஆபீசுக்குப் போய்ப் புகார் எழுதி நம்பர் வாங்கியிருக்க வேண்டும். வேறு லைன்மேன் என்றால் எழுதியிருப்பாள். சொந்தத் தம்பி மேல் யாராவது புகார் எழுதுவார்களா? ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வந்தபோது, பரிமாறிக்கொண்டே சொன்னாள். "பாத்துக்கறேன்க்கா" என்றான். மறுநாளே அவன் மனைவிக்கு வலி எடுத்தது. ஏழாம் மாதமே பிறந்த குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. குருணையெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இப்போது விசாரணை. சொன்னேன் என்றால் தம்பியின் வேலைக்கு ஆபத்து. சொல்லவில்லை என்றால் அவள் வேலை போகும். அவள் ரொம்ப யோசிக்கவில்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் அல்லவா.

ஆலை மேனேஜர் அறையில் மின்சார ஆபீஸ் இன்ஜினியர் கேட்டார். "கோளாறை முன்னாடியே பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் சார்."

"எங்க ஆளுங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார். மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

"பொய் சார்" என்றான் கதவோரம் நின்றிருந்த தம்பி.

"நீ சும்மா இருடா!" விசாரணை என்பதையும் மறந்து அதட்டினாள்.

"அக்கா எங்கிட்ட சொல்லிச்சு சார். நாந்தான் கோட்டை விட்டுட்டேன்."

இன்ஜினியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பழியைத் தட்டிக்கழிக்க வருகிறவர்களைத்தான், பாவம், அவருக்குத் தெரியும். அடித்துப் பிடித்து வாங்கிக்கொள்ள வருகிறவர்களை என்ன செய்வதாம்? கடைசியில் எழுதினார்: புது டிரான்ஸ்பார்மர் ஆபீஸ் பொறுப்பு. லைன்மேன் ஆறு மாதம் சஸ்பெண்ட். புகாரை எழுதித் தராததற்கு எலக்ட்ரீஷியனுக்கு ஆலை தரப்பில் ஒரு கண்டிப்புக் கடிதம்.

வெளியே வந்ததும் அவள் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அறிவிருக்காடா உனக்கு? புள்ள ஆஸ்பத்திரியில கெடக்கு. நான் எப்படியாவது சமாளிச்சிருப்பேன். பெரிய அரிச்சந்திரன் இவரு!"

"வாட்ச்மேன் சொன்னாரு" என்றான் அவன்.

"என்ன சொன்னாரு?"

"அது வெடிக்கறப்ப நீ வேலிகிட்ட நின்னுட்டிருந்தியாமே. கொதிக்கிற எண்ணெய் உன் காலடி வரைக்கும் வந்துச்சாமே."

அவள் அதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. தம்பிக்குத் தெரியவே கூடாது என்று இருந்தாள்.

"ஒண்ணும் ஆகலையேடா."

"ஆயிருந்தா?" அவன் உதடு கோணியது. "ஒம்போது நாளா கண்ண மூடினா அதான்க்கா தெரியுது. வேலை போனா தேடிக்கலாம். நீ போயிருந்தா நான் யார அக்கான்னு கூப்பிடுவேன்?"

அவள் அவன் முதுகில் இன்னொரு அடி வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.