ஒன்பதுக்குக் கீழே

மகன் இறந்துபோன மறு வருடம், பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் கணவன் மனைவி இருவர் போனிலும் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். பகலில் எப்போது வேண்டுமானாலும் மணி அடிக்கும். ‘இந்த நிமிடம் உங்கள் மகன் இல்லாதது எவ்வளவு வலிக்கிறது?’ பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைத் தொட வேண்டும். துக்கம் ஒரு நாளுக்குள் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கிறார்களாம். ஒரே நிபந்தனை, ஒருவர் பதிலை மற்றவர் பார்க்கக் கூடாது.

அவள் எப்போதும் ஒன்பதைத்தான் தொட்டாள். பத்து, அவன் போன அந்த ஒரு நாளுக்கு மட்டும் உரியது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவது அவள் வேலை. அன்று ஒருவர் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டே, அது தொலைந்துபோனதென்று வந்து நின்றார்.

“சார், மேல்மாடில தேடினீங்களா?” என்றாள் கூட வேலை பார்ப்பவள்.

அவர் போனதும் இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மணி அடித்தது. சிரிப்பு அடங்காமலே ஒன்பதைத் தொட்டாள். குறைத்தால் அவன் இன்னும் கொஞ்சம் போய்விடுவான் என்று பயம்.

சாயங்காலம் கணவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது.

“அத நிறுத்தேன், கையெல்லாம் சோப்பு!”

எடுத்தாள். திரையில் அவருடைய முந்தைய பதில் இருந்தது: இரண்டு.

தோளில் துண்டோடு வெளியே வந்தவரைக் குளியலறை வாசலிலேயே மறித்தாள். “பெத்த புள்ள உங்களுக்கு ரெண்டுதானா?”

“பாக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?”

“பேச்ச மாத்தாதீங்க.”

அவர் லிஃப்ட் மெக்கானிக். “அது காலைல. லிஃப்ட்டுக்குக் கீழ குழிக்குள்ள நின்னுட்டிருந்தேன். தலைக்கு மேல பெட்டி தொங்குது. அப்ப அவன நெனச்சா நேரா அவன்கிட்டயே போயிடுவேன். பரவால்லயா?”

அவள் கோபம் இறங்கவில்லை. “நான் ஒரு தடவகூட ஒன்பதுக்குக் கீழ போட்டதில்ல.”

“நீ போடமாட்ட. அவன் எடுத்த முப்பத்தஞ்சு மார்க்க ஊரெல்லாம் எழுபத்தஞ்சுன்னு சொன்னவளாச்சே. கடைசில அவனே நம்பிட்டான், பாவம்.”

முறைக்கத்தான் நினைத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. அவரும் சிரித்தார். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது.

பழக்கத்தில் விரல் ஒன்பதுக்குப் போய், நின்றது. வலிக்கவில்லை என்றில்லை. ஆனால் இந்த நிமிடம் அவன் முப்பத்தைந்து மார்க்கோடு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு சமையலறையில் நிற்கிறான். நான்கைத் தொட்டாள். திருடிவிட்டவள்போலக் கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். திரையில் ‘நன்றி’ என்று வந்தது. அவ்வளவுதான்.

கணவர் தன் போனை எடுத்தார். குளிக்கும்போது வந்த கேள்வி இன்னும் பதிலுக்குக் காத்திருந்தது. வெகுநேரம் எதையும் தொடவில்லை.

“நீ பாக்காத,” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் பார்க்கவில்லை. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, இன்னும் ஈரமாயிருந்த முதுகைத் துடைத்துவிட்டாள்.