தலைக்கு வைத்த பரீட்சை

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் என் மகன் கெண்ட்ரெல் கல்லூரியிலிருந்து ஃபோனில் கேட்டான், வண்டிக்கு பிரேக் மாத்தியாச்சா என்று. மாற்றிவிட்டேன் என்றேன். அவன் சித்தி கல்யாணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். மறுபடி கேட்டான், வண்டிக்கு பிரேக் மாத்தியாச்சா என்று. பயல் விளையாடுகிறான் என்று நினைத்து, "இல்லடா, காலைத் தரையில தேய்ச்சுத்தான் நிறுத்துறேன்" என்றேன். சிரிக்கவில்லை. ஃபோனை வைக்கும் முன்னால் இன்னொரு தரமும் கேட்டான். அதே குரல், அதே அக்கறை.

இவன் மறக்கிற ஜாதியே இல்லை. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மற்ற பிள்ளைகள் ஒரு வசனத்துக்கே திக்கித் திணறும்போது, இவன் ஒரு அதிகாரத்தையே மூச்சு விடாமல் ஒப்பிப்பான். போன வருஷம் நான் எங்கே கார்ச் சாவியை வைத்தேன் என்று அங்கே கல்லூரியிலிருந்து ஃபோனில் சொன்னவன். அவன் கூடத் தங்கியிருக்கும் பையனுக்கு ஃபோன் போட்டேன். "நல்லாத்தான் இருக்கான் ஆன்ட்டி, கொஞ்சம் அசதி" என்றான். நான் இருபது வருஷமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். பின்சீட்டில் எதையாவது உடைத்துவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிற பிள்ளையின் குரல் எனக்குத் தெரியாதா? மறுநாள் லீவு சொல்லிவிட்டு விடிந்ததும் வண்டியை எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசி. ஜார்ஜியா வெயிலைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, பத்து மணிக்கே மைதானம் கொதித்துக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டும் தோள் கவசமுமாகப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கெண்ட்ரெல் இந்த அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைத் தொடுகிறவன் அல்ல. முன் வரிசையில் நின்று, எதிரே வருகிறவனைத் தலையாலும் தோளாலும் முட்டித் தடுக்கிறவன். டிவியில் அவன் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். அவன் விழுந்தால் மட்டும் சொல்வார்கள்.

கோச் டிட்மோர் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். தேனொழுகப் பேசுகிற மனுஷன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், உதவித்தொகை தருகிறேன் என்று பையனைத் தன் டீமுக்குக் கேட்டு வந்து, என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, நான் பொரித்த கெளுத்தி மீனை மூன்று தட்டு தின்றுவிட்டு, என் கையைப் பிடித்து ஜெபம் பண்ணி, இனிமேல் கெண்ட்ரெல் என் பிள்ளை என்று சொன்னவர். நானும் மகிழ்ந்துபோனேன். தகப்பன் இல்லாத பையன், தகப்பன் மாதிரி ஒருத்தர் கிடைத்தாரே என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னேன்.

பையனுக்கு மறதியாக இருக்கிறது, தலையில் அடிபட்டதா என்று கேட்டேன். போன வாரம் லேசாக ஒரு இடி இடித்துக்கொண்டானாம். உடனே பரிசோதனை பண்ணிப் பார்த்தாயிற்றாம். ஒன்றுமே இல்லையாம். சனிக்கிழமை முதல் மேட்ச், எல்லாப் பையன்களுக்குமே படபடப்பாம்.

"உங்க பையன் தலையைவிட எனக்கு இந்த மேட்ச் பெரிசில்ல மேடம்," என்றார். "ஆனா கம்ப்யூட்டரே அவன் நல்லா இருக்கான்னு சொல்லும்போது நான் என்ன செய்ய?"

கம்ப்யூட்டரைக் காட்டச் சொன்னேன். மைதானத்தை ஒட்டிய வைத்திய அறைக்கு அனுப்பினார். அங்கே வெண்டல் என்று ஒரு மனிதர், டீமுக்கு அடிபட்டால் கட்டுப் போடுகிறவர், பரிசோதனை பார்க்கிறவர். வயதானவர், மெல்லப் பேசுகிறவர். பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். பையன்கள் கல்லூரியில் சேர்ந்த உடனே, அடி எதுவும் படாதபோது, ஒரு பரீட்சை வைப்பார்களாம். திரையில் சில சொற்களைக் காட்டி மறைத்துவிட்டு, எதெல்லாம் பார்த்தாய் என்று கேட்கும். உருவங்கள், நிறங்கள், எவ்வளவு சீக்கிரம் பொத்தானை அழுத்துகிறாய் என்றெல்லாம் பார்க்கும். பிறகு எப்போதாவது தலையில் அடிபட்டால் அதே பரீட்சையைத் திரும்ப வைப்பார்கள். மார்க் குறைந்திருந்தால் உட்கார வைத்துவிடுவார்கள். குறையாவிட்டால் ஆடலாம்.

கெண்ட்ரெலின் மார்க்கைத் திரை பட்டைகளாகக் காட்டியது. சாம்பல் நிறப் பட்டை, சேர்ந்தபோது வாங்கியது. நீலப் பட்டை, போன வாரம் அடிபட்ட பிறகு வாங்கியது. நீலம் ஒரு மயிரிழைதான் இறங்கியிருந்தது. ஆனால் இரண்டுமே திரையின் அடியில் குந்தியிருந்தன.

"இது ரொம்பக் குறைச்சலா இருக்கே?" என்றேன்.

சில பையன்களுக்கு இயல்பே அப்படித்தான் என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்கு அங்கேயே சுருக்கென்றது. என் பையனுக்கா இயல்பே அப்படி?

பயிற்சி முடிந்து கெண்ட்ரெல் வந்தான். கட்டிப்பிடித்தான். எங்கேயோ பார்த்துக்கொண்டு கட்டிப்பிடித்தான். காரில் உட்கார வைத்து ஏசியைப் போட்டேன். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சன்ஷேடை இறக்கிவிட்டுக்கொண்டான். நான் சுற்றி வளைக்கவில்லை. சேர்ந்தபோது எழுதிய பரீட்சையில் ஏன் அவ்வளவு குறைச்சல் என்று நேராகவே கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தாம்மா எழுதுவாங்க."

"எப்படி?"

"வேணும்னே தப்பா. சீனியர்ங்க சொல்லிக் குடுப்பாங்க. நாலு சொல் தெரிஞ்சா ரெண்டை விட்டுடு, பொத்தானை ஆற அமர அழுத்து. ரொம்பவும் கீழ போயிடாத, கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சிடும். முதல்லயே மட்டமா எழுதி வச்சிட்டா, அப்புறம் அடிபட்டாலும் மார்க் இறங்காது. உட்கார வைக்க மாட்டாங்க."

இதை அவன் ஏதோ ஷூ லேஸ் கட்டுவதைச் சொல்வதுபோலச் சொன்னான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

உட்கார வைத்தால்தான் என்னடா என்று கேட்டேன். அப்போதுதான் மீதியைச் சொன்னான். அடிபட்டு உட்காருகிறவனுக்கு கோச் ஒரு ரோஸ் கலர் பனியன் வைத்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டுதான் மைதான ஓரத்தில் நிற்க வேண்டும். சாப்பாட்டு ஹாலில் தனி மேசை. அவர்களுக்கு கோச் வைத்திருக்கும் பெயர் விருந்தாளிகள். "விருந்தாளிங்க வந்துட்டாங்க, எழுந்து வழி விடுங்கடா" என்பாராம் தினமும், மொத்த டீமும் கைதட்டவேண்டுமாம். அடுத்த வருஷம் உதவித்தொகை யாருக்கு நீளும், யாருக்கு நீளாது என்பதையும் அவரே முடிவு பண்ணுகிறார். இதுவரை ரோஸ் பனியன் போட்டவர்களில் பாதிப் பேர் இப்போது கல்லூரியிலேயே இல்லை.

போன வார இடியையும் சொன்னான். இரண்டு மெத்தைகளை இணையாகப் போட்டு நடுவில் ஒரு சந்து விடுவார்கள். எதிரும் புதிருமாக இரண்டு பேர். விசில் ஊதினால் ஒருத்தன் மல்லாக்க விழுகிறவரை முட்டவேண்டும், சுற்றி நின்று மற்றவர்கள் கத்துவார்கள். விழுந்தவன் திரும்பத் திரும்ப வரவேண்டும். இவன் விழுந்தான். எழுந்தான். எழுந்து எதிர்ப்பக்கமாகத் திரும்பி, யாருமே இல்லாத வேலியைப் பார்த்துக் குனிந்து தயாராக நின்றானாம். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். கோச் அவன் தோளைப் பிடித்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டு, விசிலை ஊதினாராம்.

"நானும் சிரிச்சேன்மா," என்றான்.

கதவைத் திறந்து இறங்கினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கோச்சிடம் போகாதீர்கள், என் பெயர் கெட்டுவிடும், டீமில் மற்றவர்கள் மார்க்கும் போய்விடும், எல்லோரும் என்னைக் காறித் துப்புவார்கள் என்று கெஞ்சினான். நான் விடவில்லை. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான்.

"நான் இப்ப ஒழுங்கா எழுதிக் காட்டுறேன். நிஜமாவே. நல்லா வந்துச்சுன்னா எனக்கு ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்? அப்ப நீங்க பேசாம வீட்டுக்குப் போயிடணும். நான் சனிக்கிழமை ஆடுவேன். சரியா?"

"நல்லா வரலைன்னா?"

"வரும்மா. என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

சரி என்றேன்.

வெண்டலிடம் அவனே சொன்னான். சேர்ந்தபோது வேண்டுமென்றே தப்பாக எழுதினேன், இப்போது சரியாக எழுதவேண்டும் என்று. அந்த மனிதர் எழுந்து போய் முதலில் கதவைச் சாத்தினார். இது அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் யாரும் இதுவரை அவர் காதில் போடவில்லை, போடாதவரை அவருக்குச் சௌகரியம். இந்த அறையில் அவரை வேலைக்கு வைத்ததும் டிட்மோர்தான். கையைப் பிசைந்தார். பிறகு கம்ப்யூட்டரை உயிர்ப்பித்து, என்னைப் பின்னால் சுவரோரமாக உட்காரச் சொன்னார். ஒரு சத்தம் வரக்கூடாது என்றார்.

கெண்ட்ரெல் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். எனக்கு அவன் பின்கழுத்து தெரிந்தது, திரையும் தெரிந்தது. அவன் மட்டமாக எழுதினால்தான் நான் அவனை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போகமுடியும். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஆண்டவரே, இவன் நன்றாக எழுதட்டும் என்றுதான் வேண்டினேன். எழுதட்டும், நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன், சனிக்கிழமை டிவியில் பார்த்துக்கொள்கிறேன் என்று.

சொற்கள் ஒவ்வொன்றாக வந்து மறைந்தன. ஏணி. வெண்ணெய். கடிதம். ஆறு. ஞாயிறு வகுப்பில் செய்வது மாதிரியே உதட்டை அசைத்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு கேள்வி வந்தது. ஏணி பார்த்தாயா? இல்லை என்று அழுத்தினான். தயங்கவே இல்லை. வெண்ணெய்? பார்த்தேன் என்று அழுத்தினான். தோட்டம்? தோட்டம் என்று ஒரு சொல் வரவே இல்லை. பார்த்தேன் என்று அழுத்தினான். நான் நகம் கடிக்கிற பழக்கக்காரி அல்ல, ஆனாலும் எதையாவது கடிக்கவேண்டும்போல இருந்தது, கார்ச் சாவியின் தோல் பட்டையைக் கடித்துக்கொண்டேன். நிறங்கள் வந்தன. உருவங்கள் வந்தன. அவன் கழுத்தில் வியர்வை கோடாக இறங்கியது. ஒரு இடத்தில் கூட அவன் சோம்பவில்லை, அவ்வளவு அக்கறையாக எழுதினான்.

முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். இந்த ஒரு வாரத்தில் அதுதான் அவனுடைய நிஜமான சிரிப்பு என்று நினைக்கிறேன்.

"அசத்திட்டேன்மா," என்றான்.

திரையில் மூன்றாவது பட்டை எழும்பியது, பச்சை நிறம். சாம்பல் பட்டைக்குப் பக்கத்தில் போய் அதே உயரத்தில் நின்றது. முட்டாள் வேஷம் போட்டு வாங்கிய மார்க்கும், உயிரைக் கொடுத்து வாங்கிய மார்க்கும் ஒன்று. நான் அழுவேன் என்று வெண்டல் எதிர்பார்த்தார் போலிருக்கிறது, காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பெட்டியில் அச்சடித்திருந்த பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் தட்டாமலே டிட்மோர் தலையை நீட்டினார். என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரையைப் பார்த்தார். மூன்று பட்டைகளையும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அதே மார்க்தானே மேடம், நான்தான் சொன்னேனே. டேய், நாலு மணிக்கு மைதானத்துல இரு."

"அவன் ஆடமாட்டான் கோச்," என்றார் வெண்டல். பழைய மார்க் பொய், அது செல்லாது என்றார். டிட்மோர் அவரைப் பார்த்த பார்வையில் அந்த மனிதருக்கு இந்த வருஷத்தோடு இங்கே வேலை முடிந்தது என்பது எனக்கே புரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, இன்றைக்கு நீங்கள் கூட்டிக்கொண்டு போனால் அடுத்த வருஷத்துக்கு நான் எந்த உத்தரவாதமும் தரமுடியாது என்று, அதே தேன் குரலில், வருத்தமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

"பையை எடுத்துக்கிட்டு வா கண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்," என்றேன்.

கெண்ட்ரெல் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் காரில் என்னிடம் சொன்னது, அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே அறையில் வெண்டலிடம் சொன்னது, எதுவும் அவன் முகத்தில் இல்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. சின்னப் பிள்ளையில் வசனம் ஒப்பித்ததற்குப் பரிசு கொடுக்க மறந்துபோனால் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான்.

"எதுக்கும்மா? சேர்ந்தப்ப என்ன வாங்கினேனோ அதேதானே வாங்கியிருக்கேன்? ஒரு புள்ளிகூடக் குறையலையே?"

"ஆமாண்டா," என்றேன். "அதேதான் வாங்கியிருக்கே."