சுட்டவன் தோள்

நெவில் அந்த முதுகுப்பையை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்தான். எடையே தெரியவில்லை. முதுகில் படாமல் சற்று விலகி வளைந்திருந்தது. சுமை முழுக்க இடுப்பில் இறங்கும்படி அகலமான பட்டை. துணியை உரசிப் பார்த்தான், சத்தமில்லை. மான் சத்தம் கேட்டு ஓடாது. இதைத்தான் தேடி வந்தான். வேட்டைச் சாமான் கடைக்காரி ட்ரூடி, இதில் என்னவெல்லாம் வைக்கப் போகிறாய் என்று கேட்டாள். மழைக்கோட்டு, கத்தி, கயிறு, தேநீர் ஃபிளாஸ்க் என்றான்.

"அப்ப கறிய யாரு தூக்குவா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் ரீஃப்டன் ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. சுட்டவன் தூக்குவான். கூட வந்தவன் அவனுடைய துப்பாக்கியை வாங்கிக்கொள்ளலாம், ஆற்றில் இறங்கும்போது கை கொடுக்கலாம், கறியை மட்டும் தொடமாட்டான். எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் மீறினவன் ஊரில் தலைகாட்ட முடியாது. இந்தச் சட்டத்துக்கு எல்லோரையும்விட உரக்கக் காவல் நின்றவன் நெவில்தான். ஒரு வருஷம் அவன் மனைவி மெரிலுடைய அண்ணன் ஹேமி, முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்த நேரத்தில் ஒரு கிடாமானைச் சுட்டுவிட்டான். நெவில் அவனுடைய துப்பாக்கியை மட்டும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, மலையடிவாரம் வரை சீட்டியடித்துக்கொண்டே பின்னால் நடந்தான். அதை மதுக்கடையில் நடித்துக் காட்டியே அந்தக் குளிர்காலத்தை ஓட்டினான்.

இப்போது அவனுடைய முறை. சாலைப் பணியில் மண் தோண்டும் எந்திரத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்புப் பக்கம் முதுகெலும்புத் தட்டு ஒன்று பிதுங்கிவிட்டது. நிரம்பிய வாளிக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது மெரிலைத் தவிர யாருக்கும் தெரியாது. அண்ணனிடம் சொல்லமாட்டேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். சொன்னால் என்ன, அவன் உன்னை அடித்துவிடுவானா என்று அவள் கேட்டாள். அடித்தால்கூடப் பரவாயில்லை. தூக்க முடியாதவர்களைக் காட்டிலுள்ள வேட்டைக் குடிலில் விட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் உருளைக்கிழங்கு உரிப்பார்கள், அடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள், பள்ளத்தாக்கில் கிடாமான்கள் கத்துவதை ஜன்னல் வழியாகக் கேட்பார்கள். போகாமல் வீட்டில் கிடக்கவும் முடியாது, போய்ச் சுடவும் முடியாது.

அதனால் ஒரு யோசனை வைத்திருந்தான். லேசான பையோடு போவது, மான் எதிர்ப்பட்டால் சுடாமல் விட்டு ஏதாவது சாக்குச் சொல்வது. போன ஏப்ரலில் அதுதான் கைகொடுத்தது. ஆற்றோரப் புல்வெளியில் ஒரு பெரிய கிடா பக்கவாட்டாகத் திரும்பி நின்று கத்தியது. விரல் விசைமேல் இருந்தது. அப்போது அதன் பின்னங்கால்களின் எடை நினைவுக்கு வர, துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டான். காற்று திரும்பிவிட்டது, மனித வாடை பிடித்து மான் ஓடிவிட்டது என்று ஹேமியிடம் சொல்லி, வீடு வரைக்கும் காற்றைத் திட்டிக்கொண்டே வந்தான்.

சின்னப் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது கதவு திறந்தது. தோட்டா வாங்க வந்த ஹேமி, மழைத் தொப்பியை உதறிக்கொண்டே அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன மச்சான், பள்ளிக்கூடத்துல சேந்துட்டியா?"

ட்ரூடி சிரித்தாள். முதுகுப் பக்கம் கம்பிச் சட்டகம் வைத்த பெரிய பையை ஹேமி தானே இறக்கி நெவிலின் காலடியில் வைத்தான். எடை பார்ப்பதற்காகக் கடையில் மணல் மூட்டைகள் இருந்தன. ஒரு பின்னங்கால் எடைக்கு மணல் போடச் சொன்னான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நெவிலின் வாய் சும்மா இருக்குமா?

"ரெண்டு கால் எடைக்குப் போடு" என்றான்.

இருவரும் தூக்கிவிட, மாட்டிக்கொண்டான். இடுப்புப் பட்டையின் கொக்கி சொடக்கென்று விழுந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தபோது, இடுப்பிலிருந்து குதிகால் வரை வலி சுரீரென்று இறங்கியது. அப்படியே நின்றுவிட்டான். பையைக் கழற்ற வேண்டுமென்றால் ஒரு தோளைச் சாய்த்து உடம்பைத் திருப்ப வேண்டும். அது முடியாது. யாரையாவது பிடிக்கச் சொல்ல வேண்டும். அது அதைவிட முடியாது. ட்ரூடி வேறு யாருக்கோ தூண்டில் எடுத்துக் காட்டப் போய்விட்டாள். ஹேமி இந்த வருஷம் எந்த ஓடை வழியாக ஏறலாம் என்று பேசிக்கொண்டே இருந்தான். நெவில் கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டினான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கவே பயமாக இருந்தது.

"எறக்கி வையேன்" என்றான் ஹேமி.

"இருக்கட்டும். தோள்ல எப்படி உக்காருதுன்னு பாக்குறேன்."

ஹேமி பேச்சை நிறுத்திவிட்டு அவன் நெற்றி வியர்வையைப் பார்த்தான். பிறகு அவனுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"போன வருஷம் காத்து திரும்பவே இல்ல, மச்சான்" என்றான் மெதுவாக. "நான் மேல பாறையில உக்காந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

நெவிலுக்குக் காது மடல் சுட்டது. ஒரு வருஷமாக இவன் இதை வைத்துக்கொண்டு தன்னோடு சிரித்துப் பேசியிருக்கிறான்.

"மெரில் சொன்னாளா?"

"அவ வாயே தொறக்கல. இந்தத் தடவ நீ சுடு. நான் தூக்குறேன்."

"அதுக்கு நான் குடில்லயே கெடந்து கெழங்கு உரிச்சிட்டுப் போறேன்."

வெளியே மழை தகரக் கூரையில் வலுத்தது.

"எம் முட்டி வீங்கிக் கெடந்துச்சே, அன்னிக்கு. தூக்கட்டுமான்னு நீ ஒரு வார்த்த கேப்பன்னு அடிவாரம் வரைக்கும் பாத்தேன்டா."

நெவிலுக்கு அன்று தான் சீட்டியடித்த மெட்டுதான் நினைவுக்கு வந்தது.

அப்போது பை லேசானது. ஹேமி இரண்டு கைகளாலும் அதை அடியில் பிடித்துத் தூக்கியிருந்தான். வலி ஒரு பிடி தளர்ந்தது. கண்ணாடியில் ஹேமியின் முகம் தெரியவில்லை. நெவிலின் முகமும் பையும் தெரிந்தன, கீழே நான்கு சேற்றுப் பூட்ஸுகள்.

"கொக்கிய எடு" என்றது பின்னாலிருந்து குரல். மூச்சு வாங்கியது. "ரொம்ப நேரம் பிடிக்க முடியாது, மச்சான்."

நெவிலின் கை இடுப்புக் கொக்கிக்குப் போய், அதன்மேல் அப்படியே இருந்தது.