அணைக்கவும்

அந்த வீட்டில் அணைத்தால்தான் விளக்கு எரியும். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். மின்சார ஆபீசுக்கும் தெரியும். ஆனால் இதை எழுத அவர்களிடம் படிவம் எதுவும் இல்லாததால், தெரியாத மாதிரி இருந்துகொண்டார்கள். புதிதாகக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அதற்காக நடந்ததை மாற்றிச் சொல்ல முடியாது.

தெருவின் கடைசிக்கு முந்தைய வீடு அது. இரண்டு அறை, ஒரு ஹால், மூன்று பேர். வீட்டுக்காரி ஒரு ஸ்டிக்கர் கடையில் எழுத்து வெட்டுபவள். வண்டி நம்பர், கடைப் பெயர், ‘கதவை மெதுவாகச் சாத்தவும்’, ‘இங்கே சாய்ந்து நிற்காதீர்’ என்று ஊரில் ஒட்டியிருக்கும் அதட்டல்களில் பாதி அவள் கையால் வெட்டியவை. தெரு அவளை ஸ்டிக்கரக்கா என்றது. அவள் கணவன் ஒரு குடோனில் பெட்டிகளைச் சரிபார்ப்பவன். ‘இந்தப் பக்கம் மேலே’ என்று இருந்தால் மேலே வைப்பான். அச்சகத்தார் அதைத் தலைகீழாக அடித்திருந்தால் பெட்டியையும் தலைகீழாக வைப்பான். இருபது வருஷமாக எழுத்துக்குக் கட்டுப்பட்டே பழகியவன், எழுதியிருப்பதோடு வாதாட மாட்டான். மூன்றாமவர் அவனுடைய அப்பா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முப்பத்தொரு வருஷத்தில் ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் அவர் இறுக்கிப் பிடித்ததில்லை. இரண்டு மகன்களை வளர்த்து ஆளாக்கினார், இருவர் முதுகிலும் ஒருநாள்கூடத் தட்டிக்கொடுத்ததில்லை. பாசம் இல்லை என்று சொல்ல முடியாது. அதைக் காட்டும் வழக்கம் அவரிடம் இல்லை, அவ்வளவுதான். பஸ் புகையைக் குடித்துக் குடித்து நுரையீரல் கைவிட்ட பிறகு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின் ஒன்று ஹாலில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ராப்பகலாக அது ஓட வேண்டும், நின்றால் அவர் நிற்க மாட்டார்.

மிஷின் வந்த பிறகு வந்த முதல் பில்லில் எழுநூற்று அறுபது யூனிட் இருந்தது. ஐந்நூறைத் தாண்டினால் யூனிட் விலை இரட்டிப்பு. பாதியைக் கட்டுபவன் மூத்த மகன், ஊரின் மறுகோடியில் இருப்பவன். கெட்டவன் இல்லை. இரண்டு பிள்ளைகளின் படிப்பு கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னான். “இப்படியே போனா ரெண்டு குடும்பமும் நடுத்தெருவுலதான் நிக்கணும். ஊருக்கு வெளிய ஒரு காப்பகம் இருக்கு. கரண்டு, டாக்டர் எல்லாம் அவங்க பொறுப்பு.” பெரியவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “எங்க ஏத்தினாலும் சரி, எப்படியும் கடைசி ஸ்டாப்புல இறங்க வேண்டியவன்தானே” என்றார். ஸ்டிக்கரக்கா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். “மாமா எங்கயும் இறங்க வேணாம். அடுத்த ரெண்டு பில்லும் ஐநூறுக்குள்ள வரும். நான் வர வைக்கறேன்.”

சொல்லிவிட்டுத்தான் கணக்குப் போட்டாள். மிஷின் மட்டும் ஒரு நாளைக்கு எட்டு யூனிட் தின்றது. அறுபது நாளுக்கு நானூற்று எண்பது. மிச்சம் இருபது. இருபது யூனிட்டில் இரண்டு மாதம் குடும்பம் நடத்துவது ஒரு சொம்புத் தண்ணீரில் குளித்துத் துவைத்து, மீதியில் செடிக்கும் ஊற்றுவது போல. ஆனால் வாயை விட்டாயிற்று, அதுவும் அந்த மனிதர் காதில் விழும்படி விட்டாயிற்று. அவள் பின்வாங்கவில்லை. ஃபிரிட்ஜை நிறுத்தித் துணி அலமாரியாக்கினாள். பேண்ட் சட்டைகளை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்தாள், காலையில் இஸ்திரி போட்ட மாதிரி வந்தது. பொழுது சாய்வதற்குள் சமையல், சாப்பாடு, பாத்திரம் எல்லாம் முடிந்துவிடும். நடைவழி பல்பையும் படுக்கையறை பல்பையும் கழற்றி மேஜை டிராயரில் போட்டாள். போனுக்குக் கடையிலேயே சார்ஜ். கணவன் பச்சைத் தண்ணீரில் குளித்து முனகினான். முனகலுக்குக் கரண்ட் செலவில்லை என்பதால் அவள் அதைத் தடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கடைக்கு ஓர் ஆபீசிலிருந்து இருநூறு ஸ்டிக்கருக்கு ஆர்டர் வந்தது. வேலை முடிந்து சிவப்புத் தாளில் ஒரு துண்டு மிஞ்சியது. ‘விளக்கை அணைக்கவும்’ என்று வெட்டினால் பதினொன்று வரும், ‘அணைக்கவும்’ என்று மட்டும் வெட்டினால் இருபத்திரண்டு. ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒட்டினால் எதை அணைப்பது என்று யாருக்குத் தெரியாது? அவள் விளக்கை வெட்டிவிட்டாள். வீட்டில் உள்ள இருபத்திரண்டு ஸ்விட்சுக்கும் பக்கத்தில் ஒட்டினாள். பழைய பசை, சரியாகப் பிடிக்கவில்லை. அந்த பில்லில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. மூத்தவன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, திட்டாமல், “சரி, அடுத்ததையும் பாப்போம்” என்றான். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த பில்லுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்த ஒரு பிற்பகலில் அது நடந்தது. ஹால் ஃபேனின் ஸ்விட்ச் பெரியவரின் நாற்காலிக்கு நேர் பின்னால். வெயிலில் பசை இளகி, அவர் சாய்ந்திருந்தபோது அங்கிருந்த ஸ்டிக்கர் அவர் பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டது. அவர் எழுந்து, மூக்குக் குழாய் எட்டுகிற தூரத்தில் இருந்த ஜன்னலுக்குப் போய் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடோனிலிருந்து திரும்பிய மகன் உள்ளே வந்ததும் அந்த முதுகைத்தான் பார்த்தான். பெட்டியைப் பார்ப்பது போலவே ஒரு தடவை படித்தான், சரிபார்க்க இன்னொரு தடவை படித்தான். தப்பு இல்லை. சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தான், போனான், எழுதியிருந்ததைச் செய்தான். பெரியவர் விளக்குக் கம்பம் மாதிரி விறைத்துவிட்டார். “என்னடா, என்ன ஆச்சு?” “ஒண்ணுமில்லப்பா. எழுதியிருக்கு.” ஹாலில் டியூப்லைட் எரிந்தது.

“யாரு பட்டப்பகல்ல லைட்டைப் போட்டது?” என்று கத்திக்கொண்டே ஸ்டிக்கரக்கா ஓடிவந்தாள். ஸ்விட்ச் அணைந்தே இருந்தது. ஸ்டூலில் ஏறி டியூபையே கழற்றினாள். அது அவள் கையிலும் எரிந்தது. ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை, இருபத்தாறு நாள்தான் இருந்தது. மறுநாளே ஒழுங்காகச் சோதிக்க ஆரம்பித்தாள். இரண்டு கையாலும் முழுசாக அணைத்தால் டியூப்லைட் நாற்பது நிமிஷம். தோளில் ஒரு கை மட்டும் போட்டால் குட்டி பல்புதான். முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால் ஃபேனும் கூடச் சுற்றும். கடமைக்கு அணைத்தால் கண் சிமிட்டிவிட்டு அணைந்துவிடும், அதை ஏமாற்ற முடியாது. அவளும் கணவனும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அணைத்துக்கொண்டதில் ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பித்தது. அலமாரியாக இருந்ததை மறந்துபோனதால், அவன் ஒரு வாரம் ஜில்லென்ற சட்டையோடு குடோனுக்குப் போனான். நடுவில் ஏதோ ஒன்றுமில்லாத விஷயத்துக்கு இருவரும் சண்டை போட்டு, வீடு மூன்று நாள் இருட்டில் கிடந்தது. ரீடிங் எடுக்கிறவர் இடையில் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தவர், ஃபேன் சுற்றுவதையும் மீட்டர் அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குறிப்பில் ‘மீட்டர் சரி, வீடு சரியில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியவர் எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டினாரே தவிர, பதிலுக்கு ஒருநாளும் அணைக்கவில்லை. அவர் கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.

மிஷின் பிளக்கை மட்டும் அவள் தொடவே இல்லை. விளக்கு நின்றால் இருட்டு, இது நின்றால் மாமா. அதைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் அவளுக்கு வரவில்லை. அதுதான் வினையாயிற்று. கடைசி வாரத்தில் மிஷினுக்கே மூச்சு வாங்கியது, எட்டு யூனிட் தின்றுகொண்டிருந்தது பன்னிரண்டு தின்ன ஆரம்பித்தது. பில்லுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போதே மீட்டர் நானூற்றுத் தொண்ணூற்றொன்பதில் நின்றது. அன்று காலை மூத்தவன் வேனோடு வந்தான். காப்பகத்தில் இடம் சொல்லியாயிற்று, வேனில் சிலிண்டர் தயார், மிஷினையும் கூடவே ஏற்ற வேண்டும். “மூணு நாளு இருக்கே” என்று ஸ்டிக்கரக்கா வழியை மறித்தாள். “மூணு நாள்ல என்ன குறையப் போகுது? போதும்மா, நீ பட்டது” என்றான் அவன், நிஜமான இரக்கத்தோடு. பிறகு குனிந்து பிளக்கைப் பிடுங்கினான்.

பெரியவர் கிளம்பத் தயாராக எழுந்து நின்றிருந்தார். பனியனில் சிவப்புச் சாயம் இறங்கியிருந்தது, எத்தனை துவைத்தும் போகாத எழுத்து. இளையவன் அதைப் படித்தான். போய் அணைத்தான். மிஷின் ஒரு கணம்கூட நிற்காமல் ஓடியது. மூத்தவன் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், மறுபடி பிளக்கைப் பார்த்தான். பத்து நிமிஷம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். இளையவன் முந்தின நாள் முழுக்கப் பெட்டி தூக்கியவன், தோள் நடுங்க ஆரம்பித்தது. மிஷின் திணறியது, சிவப்பு விளக்கு மினுக்கி ஊளையிட்டது. “விடாதீங்க” என்றாள் ஸ்டிக்கரக்கா. “விடலை” என்றான் அவன். ஆனால் கை வழுக்கிக்கொண்டிருந்தது. தானும் ஓடிப் பிடிக்க அவள் ஓரடி எடுத்து வைத்தபோது, பெரியவர் மெதுவாகத் திரும்பி மகனுக்கு நேராக நின்றார். அவருடைய இரண்டு கைகளும், பழக்கமில்லாத கைகள், எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் காற்றில் நின்றன. பிறகு மகனின் முதுகில், ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல விழுந்து இறுகின.

ஊளை நின்றது. ஹால், சமையலறை, குளியலறை எல்லாம் எரிந்தன. மேஜை டிராயருக்குள் கிடந்த பல்புகளும் எரிந்தன, இடுக்கு வழியே வெளிச்சம் கோடாகத் தரையில் விழுந்தது. வாசலில் மீட்டர் பின்னால் ஓடி நானூற்றுப் பதினொன்றில் நின்றது. மூத்தவன் பிளக்கைத் தரையில் வைத்தான், சத்தம் வராமல் வைத்தான். வெளியே போய் வேன்காரருக்குக் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, திரும்ப உள்ளே வராமல் நடந்தே வீட்டுக்குப் போனான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டு பில் ஐந்நூறைத் தாண்டவில்லை. மின்சார ஆபீஸ் மூன்று தடவை மீட்டரை மாற்றிப் பார்த்து விட்டுவிட்டது. ஸ்டிக்கரக்கா வருஷத்துக்கு ஒருமுறை நல்ல பசையுள்ள தாளில் புதிதாக வெட்டி ஒட்டுகிறாள். விளக்கைச் சேர்ப்பதில்லை. டாக்டர் ஆறு மாதம் என்று சொன்ன பெரியவருக்கு இது ஐந்தாவது வருஷம்.

மூத்தவன் ஞாயிறுதோறும் காலையில் ஒரு டார்ச்லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வருவான். இப்போதெல்லாம் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறான். “எங்க வீட்டுல சார்ஜ் ஏற மாட்டேங்குதுப்பா” என்று அப்பா முன்னால் வந்து நிற்பான். அவன் வீட்டில் கரண்டுக்கு எந்தக் குறையும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. பெரியவர் பேப்பரை மடித்து வைப்பார், குழாயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு எழுந்திருப்பார், கைகளைத் தூக்குவார். டார்ச் அடுத்த ஞாயிறு வரைக்கும் எரியும்.