கூட்டாளி வெளியேறினார்

ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் குந்தி உட்கார்ந்து கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது லிஃப்டக்காவின் கைப்பேசியில் விளையாட்டுக் கம்பெனியின் ஏழாவது பதில் வந்து விழுந்தது. கிரீஸ் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படித்தாள். ‘அன்பு வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். தாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடிவிட்டதால் தொகையைத் திருப்பித் தர இயலாது. தங்கள் கருவியையும் இணைய இணைப்பையும் சரிபார்க்கவும்.’ ஆறாவது பதிலும் இதுதான். ஐந்தாவதும் இதுதான். ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை.

“சரிபார்க்கவுமாம்” என்றாள், எதிரே இருந்த மோட்டாரைப் பார்த்து. “உங்க மூஞ்சியச் சரிபாருங்கடா மொதல்ல.”

இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவள்; லிஃப்டக்கா என்ற பெயரே அதில் வந்ததுதான். கதவு மூடவில்லை, நடுவில் நின்றுவிட்டது என்று யார் கூப்பிட்டாலும், படியேறிப் போய், பெட்டியைத் திறந்து, மீட்டர் வைத்துப் பார்க்காமல் ‘உங்க கரண்ட்லதான் கோளாறு’ என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்ல அவளுக்கு நாக்குக் கூசும். இவர்களுக்கு எதுவும் கூசவில்லை. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, எதையும் திறந்து பார்க்காமல், தப்பு உன் பக்கம்தான் என்று ஏழு தரம் சொல்லிவிட்டார்கள்.

ஒரு வீடியோ விளையாட்டுக்கா இத்தனை ஆத்திரம் என்று உங்களுக்குத் தோன்றும். அவள் வீட்டுக்காரருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பணம் மட்டும்தான் பிரச்சினை என்றால் அவளும் இரண்டாவது பதிலோடு தலை முழுகியிருப்பாள்.

அவளுக்கு ஒரே தங்கை. அம்மா இறந்த வாரத்தில் இருவரும் அம்மாவின் அலமாரியைத் திறந்து துணிகளைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். மேல் தட்டு முடிவதற்குள் லிஃப்டக்கா எழுந்துவிட்டாள். வேலை இருக்கிறது என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஒரு ரவிக்கையின் கையில் அம்மா குத்தி வைத்திருந்த ஊக்கு அப்படியே இருந்ததுதான் காரணம். அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. மீதி அலமாரியைத் தங்கை தனியாகப் பிரித்தாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் பேச்சில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு மத்தியானம் தங்கையிடமிருந்து ஒரு இணையச் சுட்டி வந்தது. கூடவே ஒரே வரி. ‘ரெண்டு பேர் சேர்ந்து ஆடறது. நான் வாங்கிட்டேன். நீயும் இறக்கிக்கிட்டா ஆடலாம்.’ லிஃப்டக்கா அன்றைக்கே மகன் வீட்டில் விட்டுப்போன விளையாட்டுப் பெட்டியைத் தூசி தட்டி எடுத்து, அந்த விளையாட்டை வாங்கி இறக்கிக்கொண்டாள்.

வெள்ளம் ஓடும் பள்ளத்தாக்கில் இரண்டு பொம்மைகள் பாலம் கட்டிக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஒன்று கரையில் நின்று கயிற்றைப் பிடிக்கும், மற்றது பலகையைத் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நடக்கும். பிடித்திருக்கிற பொம்மை போய்விட்டால் நடக்கிற பொம்மை ஆற்றில்தான். காதில் மாட்டிய ஒலிவாங்கி வழியாக அக்காளும் தங்கையும் முதல் நாள் ‘இழு’, ‘விடு’ என்பதற்கு மேல் பேசவில்லை. இரண்டாவது பாலத்தில் தங்கை தவறிப்போய் ஒரு ஆட்டைத் தண்ணீரில் தள்ளிவிட்டுச் சிரித்தாள். “ஆடு உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?” என்றாள் லிஃப்டக்கா. மூன்று வருடத்தில் அதுதான் முதல் முழு வாக்கியம்.

மூன்றாவது பாலத்துக்குப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும். அங்கே தங்கையின் பொம்மை நடு ஆற்றுக்கு மேலே வந்ததும் லிஃப்டக்காவின் திரை உறைந்தது. ஒலியும் அறுந்தது. அவள் பொத்தானை அமுக்கினாள், கத்தினாள், எதுவும் போய்ச் சேரவில்லை. அந்தப் பக்கம் தங்கையின் பொம்மை ஆற்றில் விழுந்தது. தங்கையின் திரையில் ஒரு வரி வந்தது: ‘உங்கள் கூட்டாளி விளையாட்டை விட்டு வெளியேறினார்.’

மூன்று நாள், மூன்று முறை, அதே இடம், அதே வரி. மூன்றாவது நாள் அவள் போன் செய்தபோது தங்கை எடுக்கவில்லை. எழுத்தில் பதில் வந்தது. ‘பரவால்ல விடு. பாதியில எழுந்து போறது உனக்குப் பழக்கம்தானே.’

அந்த வரியைப் படித்துவிட்டு அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். போனவள்தான், இல்லையென்று எப்படிச் சொல்வாள்? ஆனால் இந்தத் தரம் போகவில்லையே! இந்தத் தரம் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டல்லவா இருந்தாள்!

மறுநாளிலிருந்து தொழில்காரியாக இறங்கினாள். கேபிளை மாற்றினாள். வேறு இணைப்பில் போட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் ஒரு பெட்டியை இரவல் வாங்கி, வீட்டுக்காரரை அருகில் உட்கார வைத்து அவரைத் தங்கையின் இடத்தில் ஆடச் சொன்னாள். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். திரையில் பொம்மை திரும்பினால் இவரும் கூடவே உடம்பைத் திருப்புவார். மூன்றாவது பாலத்தில் உறைந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

“ஏய், நீ வெளிய போயிட்டியாம்.”

“உங்க தொடையில என் முழங்கை இடிக்குதுல்ல?”

“இடிக்குது. ஆனா போயிட்டேன்னு போட்டிருக்கான். எழுத்துல இருக்கே, யாரை நம்பறது?”

பதினோரு முறை ஆடினார்கள், பதினோரு முறையும் அதே கதை. தேதி, நேரம், எந்தப் பலகை என்று எழுதி வைத்தாள். படம் பிடித்துத் தங்கைக்கு அனுப்பினாள். ‘மாமாவ பக்கத்துல வச்சுக்கிட்டு எதை வேணா எடுக்கலாம்’ என்று வந்தது. அதே படத்தைக் கம்பெனிக்கும் அனுப்பினாள். இரண்டு மணி நேரம், அன்பு வாடிக்கையாளரே.

“ரெண்டரை மணி நேரம் போனாத்தான் ஓட்டையே தெரியும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்து சொல்லுங்கறான். உறைஞ்சு கிடந்த நேரத்தையும் ஆடின கணக்குல சேர்த்திருக்கான். லிஃப்டு நடுவுல நின்னு உள்ள மாட்டிக்கிட்டவன்கிட்ட, இவ்வளவு நேரம் பயணம் பண்ணியிருக்கீங்களே, இன்னும் என்ன வேணும்னு கேப்பேனா நான்?”

“என்கிட்ட ஏன் கத்தற? லிஃப்டுல மாட்டினவனே இவ்வளவு கத்த மாட்டான்” என்றார் அவர். ஆனாலும் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு மனு எழுதியபோது பக்கத்திலிருந்து எழுத்துப் பிழை திருத்தியது அவர்தான்.

முதல் விசாரணையில் கம்பெனியின் வக்கீல் திரையில் தோன்றினார். இளம் வயது, நல்ல இஸ்திரி. “நல்லெண்ண அடிப்படையில தொகையைத் திருப்பித் தர என் கட்சிக்காரர் தயார். குறைபாடுன்னு ஒத்துக்க முடியாது.”

மன்றத் தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “பணம் வந்துடுதேம்மா. முடிச்சுக்கலாமே?”

“பணத்த வேணாம்னு சொல்லல மேடம். கோளாறு எங்க பக்கம், இந்தம்மா வெளியேறலன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துட்டு அப்புறம் பணத்தக் கொடுக்கட்டும். வெளியேறினேன்னு எழுத்துல போட்டது அவங்கதான? அதே மாதிரி எழுத்துல மாத்தட்டும்.”

வக்கீல் புன்னகைத்தார். “மனுதாரரோட சாட்சி அவங்க கணவர். அவங்களோட உண்மையில விளையாடினதா சொல்லப்படற இன்னொரு வாங்குநர், அவங்க சொந்தத் தங்கை. அவங்க இதுவரைக்கும் ஒரு புகாரும் தரலயே?”

லிஃப்டக்காவுக்குக் காது சுட்டது. தங்கை பேசாமல் இருப்பதை இவன் ஆதாரமாக எடுத்து மேசையில் வைக்கிறான். அந்த மௌனத்தை உண்டாக்கியதே இவர்கள் போட்ட வரிதான். எழுந்து அந்தத் திரைக்குள் கையை விட்டு அவன் டையைப் பிடித்து இழுக்கலாம் போலிருந்தது.

“உங்க தங்கச்சிய வரவழைக்க முடியுமா?” என்று தலைவி கேட்டார். “வீட்லேர்ந்து ஆடினாலும் போதும். இங்க ஆடிக் காட்டுங்க.”

அன்றிரவு அவள் தங்கைக்கு எழுதினாள். நாலைந்து முறை எழுதி அழித்தாள். கடைசியில் மன்றத்தின் பெயரும் நாளும் நேரமும் மட்டும் போட்டு, ‘மூணாவது பாலம். ஒரே ஒரு தரம் வா’ என்று அனுப்பினாள். படித்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் இல்லை.

குறித்த நாளில் விளையாட்டுப் பெட்டியைக் கருவிப் பையில் வைத்துக் கொண்டுபோய், மன்றத்தின் தொலைக்காட்சியில் அவளே மாட்டினாள். சேமித்து வைத்த இடத்திலிருந்து மூன்றாவது பாலம் திறந்தது. அவள் பொம்மை கரையில் தனியாக நின்றது. பக்கத்துத் திரையில் வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவி இரண்டு முறை இருமினார்.

கைப்பேசி அடித்தது. தங்கை. ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள்.

“பேசறதுக்கு வரல. ஆடறதுக்குத்தான் வந்தேன்” என்றது குரல். “கயிறப் பிடி.”

திரையில் இரண்டாவது பொம்மை வந்து பலகையைத் தூக்கியது. ஒரு பலகை, இரண்டு பலகை. நடு ஆறு. உறைந்தது.

“போயிட்டா” என்றது கைப்பேசிக் குரல், வறண்டு. “‘உங்கள் கூட்டாளி விளையாட்டை விட்டு...’ அதே வரிதான் மேடம்.”

தலைவி திரையைப் பார்க்கவில்லை. லிஃப்டக்காவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கட்டை விரலும் பொத்தான்மேல் வெளுத்துப்போய் அழுந்தியிருந்தன. “அவங்க எங்கயும் போகலம்மா” என்று கைப்பேசியை நோக்கிச் சொன்னார். “என் முன்னாடி நின்னுகிட்டிருக்காங்க. இன்னும் பிடிச்சுகிட்டுத்தான் இருக்காங்க.”

தலைவி பேனாவைத் திறந்தார்.

“இணைய வேகம் காரணமா இருக்கலாம்...” என்று வக்கீல் தொடங்கினார்.

“உங்க கட்சிக்காரர் அத எழுத்துல கொடுக்கட்டும். கோளாற நேர்ல பார்த்தேன்னு நானும் எழுதிக்கறேன்” என்றார் தலைவி. தீர்ப்புக்கு ஒரு தேதி சொன்னார். திரையில் வக்கீலின் முகம் அணைந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. அடுத்த வழக்குக்காரர்கள், கதவு சரியாக மூடாத ஒரு குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

லிஃப்டக்கா தன் பெட்டியையும் கேபிளையும் பைக்குள் போட்டாள். கைப்பேசியை மட்டும் தொடவில்லை. அதைக் காதில் வைக்கவும் தோன்றவில்லை, அணைக்கவும் தோன்றவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதை உள்ளங்கையில் தட்டையாக ஏந்தியபடி, தண்ணீர்க் கிண்ணம் தூக்கிப் போகிறவளைப் போல வராந்தா வழியாக நடந்தாள். மறுமுனையில் எங்கோ ஒரு குழாய் திறந்தது, மூடியது. ஒரு நாற்காலி இழுபட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இரண்டு பேரில் ஒருவரும் துண்டிக்காத அந்த அழைப்பில், நொடிகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன.