எல்வீனோவின் மகதலேனா

சவப்பெட்டியைக் கோயில் வாசலிலேயே நிறுத்திவிட்டாள் ஒர்தென்சியா. இரண்டு கைகளையும் விரித்து அவள் கதவை மறித்த விதத்தைப் பார்த்தால், உள்ளே வரவிருந்தது அவள் புருஷன் எல்வீனோவின் உடல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏதோ படையெடுப்பு என்றுதான் நினைப்பார்கள்.

“பெரிய பீடத்துக்கு முன்னால வைங்க. இல்லேன்னா திருப்பி எடுத்துட்டுப் போங்க. அந்தப் பொம்பள காலடியில வைக்க விடமாட்டேன்.”

அந்தப் பொம்பளை, புனித மகதலேனா. வலப்பக்கச் சிறுபீடத்தின் சுவரில் ஐந்நூறு வருஷமாக நிற்கும் ஓவியம்; எல்வீனோ துடைத்தெடுக்கும்வரை புகைக்கரி மூடி யார் கண்ணுக்கும் தெரியாமல் கிடந்தது. பழைய சுவரோவியங்களைச் செப்பனிடுவது எல்வீனோவின் தொழில். சாரத்தில் ஏறி, பதினோரு வருஷம் அவளோடுதான் இருந்தான். வீட்டுக்கு வந்தாலும் அவள் பேச்சுதான். இங்கே சூப் ஆறிக் கட்டியாகிவிடும்; அவன் அவளுடைய விரல்களிலேயே நிற்பான். சுவரின் ஈரத்தால் அவள் கூந்தலில் உப்புப் பூத்திருக்கிறதாம். பஞ்சால் ஒற்றி எடுக்கவே ஒரு குளிர்காலம் போயிற்றாம். ஒர்தென்சியாவின் கூந்தல் நரைத்ததை அவன் கண்டதாக யாருக்கும் நினைவில்லை.

முகத்தைப் பற்றி மட்டும் அவன் வாயே திறக்கவில்லை. அதுதான் இவளை எரித்தது. தனக்கென்று ஒளித்து வைத்துக்கொள்கிறான் என்றால் எப்பேர்ப்பட்ட முகமாக இருக்க வேண்டும்? ஒருநாள் சபதம் செய்தாள். அவள் இருக்கும் கோயிலில் இவள் கால் படாது. அதன்பின் பூசைக்கு மலையடிவாரத்து மடத்துக்குத்தான் போனாள், பனியிலும் முழங்கால் வலியிலும். சமாதானம் பேச பரலோகத்துச் சம்மனசுகளே இறங்கி வந்திருப்பார்கள். அவளிடம் அவர்களுக்கும் பயம்.

பங்குச்சாமி செவெரீனோ குரலைத் தாழ்த்தினார். “ஒரு மரியாதைக்குத்தாம்மா. அவர் உயிரக் கொடுத்த சுவரு.”

“கொடுத்தாருல்ல? மிச்சம் இருக்கிறது உடம்புதான் சாமி. அது என்னுது.”

பெட்டி தூக்கியவர்களின் தோள் ஒரு சாண் இறங்கியிருந்தது. நாத்தனார் அதால்ஜீசா கைக்குட்டைக்குள்ளிருந்து சொன்னாள்: “வாசல்ல நின்னு கத்தினா அவளுக்கு எப்படிக் கேக்கும்? உள்ள போய் நேருக்கு நேரா ரெண்டு கேளு.”

ஒர்தென்சியா போனாள். சிறுபீடம் இருண்டு கிடந்தது. சுவரோரத்துப் பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும். போட்டாள்.

நீலப் போர்வை. முழங்கால்வரை இறங்கிய கூந்தல். தைலச் சிமிழைப் பிடித்த விரல்கள் உண்மையிலேயே அழகுதான். கழுத்துக்கு மேலே வெறும் மண்நிறப் பூச்சு.

“முகம் எங்க?”

“கூரை ஒழுகி எந்தக் காலத்துலயோ விழுந்துடுச்சும்மா,” என்றார் பின்னால் வந்த சாமி. “செலவ ஏத்துக்கிட்ட பெரிய வீட்டம்மா, தன் மக முகத்த அங்க வரையச் சொன்னாங்க. இவர் முடியாதுன்னுட்டாரு. இருந்த முகம் எதுன்னு தெரியாதப்ப எந்த முகத்தையும் வைக்கக் கூடாதாம். அந்தச் சண்டையிலயே பல வருஷம் போச்சு.”

“ஊருக்கே தெரியும்,” என்றாள் அதால்ஜீசா. “நீ கோவப்படறது பாக்க நல்லா இருந்துச்சு. அதான் யாரும் சொல்லல.”

ஒர்தென்சியா அண்ணாந்து அந்த வெற்றுப் பூச்சையே பார்த்தாள். மணியடிப்பவர் கயிற்றைப் பிடித்தபடி அடிக்க மறந்துவிட்டார்.

“காலியாத்தானே கெடந்துச்சு,” என்றாள் கடைசியில், சுவரைப் பார்த்தே. “அத்தன வருஷத்துல ஒரு நாளாவது என் முகத்த வைக்கலாம்னு தோணலையா அந்தாளுக்கு?”

சாமி ஜெபப்புத்தகத்தில் பக்கம் தேடினார்.

“பெட்டியக் கொண்டாரச் சொல்லுங்க. இங்கேயே வைங்க,” என்றாள். “அவர் கால அவ பக்கமா நீட்டி வைங்க.”

பெட்டி வந்து இறங்கியது. போட்ட காசுக்கான நேரம் முடிந்து விளக்கு அணைந்தது. ஒர்தென்சியா சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், கைப்பையைத் திறந்து இருட்டில் இன்னொரு காசைத் துழாவினாள்.