ஒரே சனிக்கிழமையில் இரண்டு வால்ட்ஸ்

கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி என் காதில் விழுந்த ஒரு சண்டையிலிருந்து பிறந்த கதை இது. எப்படி முடிப்பதென்று தெரியாமலேதான் தொடங்குகிறேன்.

1

என்கார்னசியோன் ஊரில் அன்று மழை கொட்டிக்கொண்டு...

(இந்த வரியை அடித்துவிடுகிறேன். அன்று நல்ல வெயில். ஒரே குவளையில் தெரெரே என்ற குளிர்ந்த இலைப் பானத்தை மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டேதான் பக்கத்து வீட்டுத் தம்பதி இருவரும் சண்டை போட்டார்கள்.)

நெலிடாவும் அவள் கணவன் ஃபுல்ஹென்சியோவும் ஊர் விழா மண்டபத்துக்கு முன்பதிவு இணையதளம் எழுதிக் கொடுத்தவர்கள். "அந்த நாள் காலியா?" என்று பார்க்கும் வேலையை அவன் தளத்தின் நிரலிடம் விட்டிருந்தான். பதிவுகள் போய்ச் சேரும் டேட்டாபேஸ் ஒன்றும் கேட்காது. கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்ளும்.

இரண்டு அம்மாக்கள் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினார்கள். நிரல் இருவருக்கும் 'காலி' என்றது. ஒரே மண்டபம், ஒரே சனிக்கிழமை: அவர்கள் பெண்கள் அரசேலிக்கும் யெருதிக்கும் பதினைந்தாம் பிறந்தநாள் வால்ட்ஸ் நடனம்.

2

"ஒரு நாளைக்கு ஒரு பதிவுதான்னு டேட்டாபேஸ்லயே பூட்டுப் போடுன்னு சொன்னேன்ல?" என்றாள் நெலிடா.

"நாளைக்கே மண்டபக்காரர் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணும்பார். அந்தப் பூட்டை யாரு உடைக்கிறது? நிரல்னா ஒரு வரிய மாத்தினா போச்சு."

"அந்த ஒரு வரியாலதான் இப்ப ஒரு பொண்ணு அழப்போகுது, மகராசா!"

(இவனைச் சோம்பேறியாக எழுதலாமா என்று யோசித்தேன். பாவம், அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.)

3

நெலிடா பூட்டப் பார்த்தாள். பூட்டு விழவில்லை. இரட்டைப் பதிவு உள்ளே இருக்கும்வரை டேட்டாபேஸ் அந்த விதியை ஏற்காதாம். இரண்டில் ஒன்றை அழித்தாக வேண்டும்.

"எதை?" என்றான் அவன். குவளை அவன் கையிலேயே நின்றுவிட்டது.

அரசேலியின் அப்பாவுக்கு புவெனஸ் அயர்ஸில் கட்டட வேலை. அந்த ஒரு சனிக்கிழமைக்குத்தான் லீவு. யெருதியின் அக்கா மறுநாள் கன்னியர் மடத்தில் சேருகிறாள். தங்கையோடு ஆட அவளுக்கும் அதுதான் கடைசி நாள்.

சுவருக்கு மேல் நெலிடாவின் தலை தெரிந்தது. "தோன்யாம்மா, கதை கட்டுறவங்க நீங்கதானே. யாரை அழிக்கிறது, சொல்லுங்க!"

4

அரசேலியை அழித்து ஒரு முடிவு எழுதினேன், கிழித்தேன். ஒரே பதிவில் இரண்டு பெயர், இருவரும் சேர்ந்து ஆடுகிறார்கள் என்று இன்னொன்று. இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த அம்மாக்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊரறிந்த சங்கதி.

என் கதையில் நான் எதையும் ஒரு வரியில் மாற்றிவிடலாம். அந்தச் சனிக்கிழமையை மாற்ற முடியாது. நெலிடாவின் விரல் இன்னும் விசையின் மேல்தான் இருக்கிறது. சொல்லுங்கள், அழிக்கச் சொல்வீர்களா? இல்லை, நாளை விட்டுக்கொடுக்கச் சொல்லி இரண்டு அம்மாக்களில் ஒருத்தி வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவீர்களா? யார் வீட்டை முதலில்?

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் நாளில் வேறெந்த வீட்டிலும் கண்ணீர் விழாதிருக்கட்டும். உங்கள் வாசலுக்கு நல்ல பூட்டு அமையட்டும். தட்டினால் எழுந்து வந்து திறக்கிறவர்களும் உள்ளே இருக்கட்டும்.